ஓடையிலிருந்து கூடவே வந்தது

முதலில் வந்தது அரிப்புதான். தறிக் குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தேன். வலது கணுக்காலுக்கு மேலே, உள்ளுக்குள்ளிருந்து யாரோ விரலால் தடவுவது போல இருந்தது. எறும்பாக இருக்கும் என்று தட்டிவிட்டேன். எறும்பு இல்லை.

மறுநாள் உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும்பியது. அது அடங்கியபோது கணுக்காலில் ஒரு கொப்புளம் மட்டும் நின்றது. புளியங்கொட்டை அளவு இருக்கும். கொதிக்கிற எண்ணெயை அதற்குள் ஊற்றி மூடிவைத்தது போல எரிந்தது.

பிள்ளைகளே, உங்கள் வீட்டிலும் அப்பாவோ அண்ணனோ இப்படிக் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். உங்கள் காலிலேயே வந்திருக்கலாம். பெரியவர்கள் உங்களிடம் முழுதும் சொல்லியிருக்கமாட்டார்கள். நான் ஐந்தாவது வரை படித்தவன். அருப்புக்கோட்டையில் தறி நெய்கிறேன். வைத்தியம் தெரியாது. எனக்கும் என் மகளுக்கும் நடந்ததைத் தெரிந்தபடி எழுதுகிறேன். பயப்படும்படியான இடங்களையும் விடவில்லை. அந்த நாள்களில் ஒருவரும் ஒன்றும் சொல்லாததுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

தர்மாஸ்பத்திரிக்கு (காசு வாங்காமல் பார்க்கும் ஆஸ்பத்திரி) மகள் நாகுவின் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டிப் போனேன். டாக்டர் கொப்புளத்தைத் தொடவில்லை. குனிந்து பார்த்துவிட்டு, "போன சித்திரையில எங்க தண்ணி குடிச்சீங்க?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. கால் எரிகிறது என்று வந்தவனிடம் போன வருஷத்துத் தண்ணீரைப் பற்றிக் கேட்கிறாரே. வீட்டுத் தண்ணீர்தான் என்றேன். வெளியே எங்கும் போகவில்லையா என்றார். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.

"ஓடையில குடிச்சோம்ல, நைனா" என்றாள் நாகு. எங்கள் வீட்டில் தெலுங்கு பேசுவோம். அப்பாவை நைனா என்போம். "குப்புறப் படுத்துக்கிட்டு. நீங்களும் நானும் போட்டி போட்டு."

டாக்டர் என் காலை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார். முகத்தை அல்ல, பாவாடைக்குக் கீழே தெரிந்த கால்களை.

அது யுத்த காலம். நூல் அளந்துதான் கிடைத்தது. பாதி நாள் தறி சும்மா கிடந்தது. வீட்டுக்குள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் இருப்பது என்று, அந்தப் போன சித்திரையில் ஒரு நாள் நால்வரும் புறப்பட்டோம். பெட்ரோலுக்குப் பதில் கரிவாயுவில் ஓடும் பஸ்ஸில் திருச்சுழி ரோட்டில் போய், பாதி வழியில் இறங்கினோம். அங்கிருந்து கரிசல் காட்டில் நடை. என் மனைவி அலமேலு கட்டுச்சோற்றைத் தூக்கிக்கொண்டாள். கைக்குழந்தை கோவிந்து என் தோளில். நாகு மண் வெடிப்புகளை ஒவ்வொன்றாகத் தாண்டி முன்னால் ஓடினாள்.

தரை சட்டென்று தணிகிற இடத்தில் அந்த ஓடை இருந்தது. சுற்றிலும் ஒதுங்க நிழல் இல்லாத பூமி. அந்தப் பள்ளத்துக்குள் மட்டும் மருதும் புங்கையும் நாவலும் ஒன்றின் மேல் ஒன்றாக அடர்ந்து நின்றன. சாமிக்கு விட்ட மரங்கள் என்று யாரும் வெட்டுவதில்லை. உள்ளே இறங்கியதும் உச்சிவெயில் சாயங்காலமாகிவிட்டது.

பிள்ளைகளோடு நடக்க அதைவிட நல்ல இடம் கிடைக்காது. காலுக்கு மெத்தென்ற மணல். பிடித்து ஏற வேர்கள். பொரி கொட்டினாற்போல் புங்கம்பூ. ஆனால் ஒரு பறவைச் சத்தம் இல்லை. நாங்கள் நடந்தால் எதிர்க்கரையிலும் நடக்கிற சத்தம் கேட்டது. கோவிந்து அழுதபோது அந்தப் பக்கமும் ஒரு குழந்தை அழுது, இவன் நிறுத்திய பிறகுதான் அது நிறுத்தியது. அலமேலு அவனை என்னிடமிருந்து வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

ஓடை ஓடவில்லை. ஒரு மடுவில் மட்டும் தண்ணீர் நின்றது. அடிமணல் தெரிகிற தெளிவு. அதன் ஓரத்தில் ஒரு மனிதர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, ஒரு காலைத் தண்ணீருக்குள் விட்டபடி உட்கார்ந்திருந்தார். நாங்கள் வந்ததற்கு அவர் திரும்பவில்லை. தண்ணீர் குடிக்கலாமா என்று கேட்டேன்.

"குடிங்க. நல்ல தண்ணிதான்" என்றார். காலை எடுக்கவில்லை.

அவரிடமிருந்து தள்ளிப் போய் நானும் நாகுவும் குப்புறப் படுத்து, முகம் நனைய உறிஞ்சிக் குடித்தோம். யார் அதிகம் குடிப்பது என்று போட்டி. வடிகட்டித் தருகிறேன், பொறுங்கள் என்று அலமேலு சொன்னது காதில் விழுந்தது. அவள் சேலை முந்தானையை இரண்டாக மடித்துச் செம்பின் வாயில் கட்டி, தனக்கும் கோவிந்துவுக்கும் வடித்தாள். தண்ணீர் சில்லென்று இனித்தது.

திரும்பும் வழியில் நாகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவுக கால்ல ஒரு குச்சி கட்டியிருந்துச்சு, நைனா" என்றாள். முள் எடுத்திருப்பார் என்று சொன்னேன்.

டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு விளக்கினார். இது நரம்புச் சிலந்தி (தண்ணீரோடு உள்ளே போய், ஏறக்குறைய ஒரு வருஷம் வளர்ந்து, தோலைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும் புழு). சிலந்தி வந்த காலைத் தண்ணீரில் வைத்தால் அது குஞ்சுகளைக் கொட்டும். அவை கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு நீர்ப்பூச்சிக்குள் போய் இருக்கும். அந்தப் பூச்சியை யார் குடிக்கிறார்களோ அவர்களுக்கு அடுத்த வருஷம் வரும். துணி மடித்து வடிகட்டினால் பூச்சி துணியிலேயே நின்றுவிடும்.

இதைச் சொல்லிக்கொண்டே கொப்புளத்தின் மேல் குளிர்ந்த நீரைச் சொட்டவிட்டார். அது உடைந்து, பால் போல ஏதோ வழிந்தது. பிறகு, நடுவிலிருந்து ஒரு வெள்ளை நுனி எட்டிப் பார்த்தது.

நான் பிறந்ததிலிருந்து நூலைப் பார்க்கிறவன். அது நூலேதான். கஞ்சி போட்ட பாவு நூல்.

ஈர்க்குச்சி போல ஒரு குச்சியில் அந்த நுனியைச் சுற்றி, காலோடு வைத்துக் கட்டினார்கள். அது விடுகிற அளவுக்குத் தினமும் சுற்ற வேண்டும். அது இழுத்துப் பிடித்தால் நாமும் நிறுத்திவிட வேண்டும். அறுந்தால் உள்ளே நின்ற துண்டு சீழ் பிடித்துக் காலையே கொண்டுபோகலாம். கட்டிய குச்சியை நாகு பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

வீட்டுக்கு வரும்போதே எனக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஒரே மடு. ஒரே வேளை. இருவர் குடித்தோம்.

அறுந்த நூலை முடிச்சுப் போட்டுத் தொடரலாம். இதைத் தொடர முடியாது. விடிந்ததும் காலை நீட்டி உட்கார்ந்து, மூச்சை அடக்கிக் குச்சியைத் திருப்புவேன். ஒரு நாள் அரை விரல் வரும். ஒரு நாள் வராது. வராத நாளில் அது உள்ளே யோசிப்பது போல இருக்கும்.

பக்கத்து வீட்டு ராமசாமி, அவரும் தறிக்காரர்தான், வாசலில் நின்று பார்த்தார். "ஊரே நூலில்லாமக் கெடக்கு. ஒமக்கு மட்டும் கால்லயே வெளையுதேய்யா" என்றார். அலமேலு சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்தால் கால் அசையும் என்று அடக்கிக்கொண்டேன்.

எரிச்சலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கால் தண்ணீரைக் கேட்கும். வாய்க்குத் தாகம் எடுப்பதுபோல அந்தப் புண்ணுக்குத் தாகம் எடுக்கும். தெருக்கோடியில் படி இறங்கிப் போகிற கிணறு இருந்தது. தெருவே குடிக்கிற கிணறு. அந்தப் படிகள் என் கண்ணிலேயே நிற்கும். ஒரு மத்தியானம் எழுந்து வாசல் வரை போய்விட்டேன். இப்போது தண்ணீரைக் கேட்பது நானா, அதுவா என்று அங்கே நின்று எண்ணிப் பார்த்தேன். தெரியவில்லை. மடுவில் இருந்த மனிதரைக் கோபித்துக்கொள்ள அதன்பின் எனக்கு மனம் வரவில்லை. அலமேலு வாளியில் நீர் கொண்டுவந்து துணி நனைத்துப் போட்டாள். மீந்த தண்ணீரை வெயிலில் காய்ந்த தரையில் கொட்டினாள்.

வைகாசி கடைசியில் மொத்தமும் அறாமல் வந்தது. என் முழங்கை நீளத்துக்கு மேல் இருந்தது. அலமேலு அதை அடுப்பில் போட்டாள். காலில் ஒரு சின்னக் குழி மட்டும் மிஞ்சியது. நான் மறுபடி தறியின் மிதிகட்டையை மிதித்தேன்.

ஆனால் வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. தினமும் விளக்கு வைக்கும் முன் அலமேலு நாகுவை நிலைப்படியில் உட்காரவைத்து, பாதத்திலிருந்து முழங்கால் வரை தடவிப் பார்ப்பாள். ஆனியில் ஒரு நாள் அவள் விரல் நின்றது. ஆடுதசையில் தோலுக்கு அடியில் ஒரு கயிறு ஓடியது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்ல நெளிந்து வளைந்தது.

நாகு அழவில்லை. "என்னோடது சின்னது" என்றாள்.

கொப்புளம் வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும் என்றார் டாக்டர். காத்திருந்தோம். நொண்டி விளையாடிக்கொண்டிருப்பவள் நடுவில் நிற்பாள். ஆடுதசையில் கையை வைத்து, தலையைச் சாய்த்துக் கேட்பாள். "இப்பத் திரும்புது" என்பாள். மற்றப் பிள்ளைகள் விலகி நிற்பார்கள். தூங்கும்போது அந்தக் காலை மட்டும் போர்வைக்கு வெளியே வைத்துக்கொள்வாள். அது வர வழி வேண்டாமா என்பாள்.

ஆடி போய் ஆவணி வந்தது. ஒரு நாள் காலையில் தறிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நைனா, அது நின்னுருச்சு."

டாக்டர் விரலால் நெடுநேரம் அழுத்திப் பார்த்தார். உள்ளேயே செத்துவிட்டது என்றார். சிலருக்கு இப்படி ஆவதுண்டு. நாளடைவில் சுண்ணாம்புபோல இறுகிப்போகும். வெட்டி எடுக்கப் போனால் தசைதான் கெடும், விட்டுவிடலாம் என்றார். எனக்கு அவரைக் கும்பிடத் தோன்றியது.

நாகுதான் கேட்டாள். "அப்ப செத்ததச் சொமந்துக்கிட்டே இருக்கணுமா?"

அவர் அவள் காலைக் கீழே இறக்கிவைத்தார். பிறகு, "ஒனக்கு நோவு இல்லம்மா, அதான் வேணும்" என்றார்.

நோவு இல்லை. வீக்கம் இல்லை. இது நடந்து வருஷங்கள் ஆகின்றன. யுத்தம் முடிந்தது. நாகுவின் பாவாடை மடிப்பை அலமேலு எத்தனையோ முறை இறக்கிவிட்டாள். அந்தக் கயிறு மட்டும் அதே நீளத்தில் இருக்கிறது. அன்று அவள் கால் சின்னது, அது பெரிதாகத் தெரிந்தது. இன்று தேடித்தான் தொட வேண்டும்.

என் உடம்பு என்னுடையது மட்டும்தான் என்று முன்பெல்லாம் நினைத்திருந்தேன். இப்போது ஒரு செம்புத் தண்ணீர் குடித்தாலும் அடுத்த வருஷம் இதே நாளை ஒருமுறை நினைக்காமல் செம்பைக் கீழே வைப்பதில்லை.

நடப்பதை நாங்கள் விடவில்லை. நீங்களும் விடவேண்டாம்; வடிகட்டத் துணி கொண்டு போங்கள், அவ்வளவுதான். போன மாதம் பந்தல்குடிப் பக்கம் கண்மாய்க்கரையில் நால்வரும் போனோம். ஒற்றையடிப் பாதை. நாகு எனக்கு முன்னால் போனாள். ஈரத்துக்குப் பாவாடையைத் தூக்கிச் செருகியிருந்தாள்.

கொஞ்ச தூரம் போனதும் திரும்பாமலே சொன்னாள்: "பாக்காதீங்க, நைனா. அது வராது."

சரி என்றேன். அவள் காலிலிருந்து கண்ணை எடுத்துத் தண்ணீர்ப் பக்கம் பார்த்தபடி நடந்தேன். அவள் ஏதோ பேசிக்கொண்டே போனாள். பாதை வளைகிற இடத்தில் மறுபடியும் பார்த்தேன்.