வெல்க்ரோவுக்கு மேல் ஒரு தையல்

உலகம்மைக்கு மனிதர்களின் முகம் மறந்துபோகும், தோள் மறக்காது. திருவனந்தபுரம் சாலை பஜாரில், மல்லி மொத்தக்கடைக்கு மேல்மாடியில் இருக்கும் திரவியத்தின் விளையாட்டு உடுப்புக் கடையில் இருபத்திரண்டு வருடமாகத் தோள் தைக்கிறவள் அவள். கை, கீழ்மடிப்பு எல்லாம் மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். கழுத்தும் தோளும் சேருகிற இடம் மட்டும் அவளிடம் வரும். பஸ்ஸில் முன்னால் நிற்கிறவரைப் பார்த்து, "இவருக்கு இடது தோளு அரை இஞ்சு தாழ்ச்சி, பை சுமந்த கேஸு" என்று மகள் நீதுவின் காதில் சொல்வாள். பல நேரம் அது அவர் காதிலும் விழும்.

படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. அதில் படிப்புக்கும் வருத்தமில்லை, அவளுக்கும் வருத்தமில்லை. இரணியலிலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தாள். கணவர் போன பிறகு கரமனையில் ஒரு வாடகை வீடு, ஒரு மகள். குறும்பு மட்டும் கூடவே வந்தது. ஒருமுறை தையல் பெண்களை வாய்க்கு வந்தபடி திட்டிய விளையாட்டு ஆசிரியர் ஒருவருக்கு, ட்ராக் பேண்டின் இரண்டு பாக்கெட் வாயையும் வெளியே தெரியாதபடி தைத்து மூடிக் கொடுத்தாள். மனிதர் பள்ளிக்கூடமே பார்க்க நின்று, கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தவித்தாராம். புகார் வந்தது. "மெஷின் தப்பு" என்றார் திரவியம். மெஷின் மறுத்துப் பேசவில்லை.

அப்படிப்பட்டவளின் கைக்குத்தான் தேசிய அணியின் சட்டை வந்து சேர்ந்தது.

பெண்கள் எறிபந்து அணி. இப்படி ஒன்று இருப்பதே நாட்டில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஆனாலும் நெஞ்சில் நாட்டின் பெயர் உண்டு. நாலு நாட்டுப் போட்டி இந்த முறை இந்த ஊரில். பட்டியலில் பன்னிரண்டு பேர். பன்னிரண்டாவது பெயர் நீது. இரண்டு வருடம் முகாம் முகாமாக அலைந்து கிடைத்த இடம் அது. அந்தப் பட்டியலை உலகம்மை கைபேசியில் வைத்துக்கொண்டு, கீழே மல்லி வாங்க வந்தவர்களிடம்கூடக் காட்டினாள்.

மாதிரிச் சட்டையோடு வந்தவர் அணியின் மேலாளர் சுதீஷ். சந்தன நிறச் சட்டை. இடது தோளிலிருந்து குறுக்கே இறங்கும் ஒரு தனித் துண்டுத்துணி, அதற்குப் பொன்னிறச் சரிகை ஓடும் கசவுக் கரை. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

"தோள்ல வெல்க்ரோ வைக்கணும் அக்கா. ஒரே இழுப்புல கையில வந்திரணும்."

"விளையாடும்போ விழுந்திராதா?"

"விளையாட்டுக்கு இல்ல, தொடக்க விழாவுக்கு. சீஃப் கெஸ்ட் கை குடுக்க வருவாருல்ல, அவரு முன்னால வந்து நின்னதும் பிள்ளைங்க இத இழுத்துக் கையில போட்டுக் குனியணும். நம்ம நாட்டுப் பழைய மரியாதை. ஒரு படத்துல கண்டேன்."

கைபேசியில் படத்தைக் காட்டினார். குடைக்கு அடியில் ஒரு பெரிய மனிதர். எதிரே ஒரு பெண், தோள்துணியைக் கையில் பிடித்துக் குனிந்து நிற்கிறாள். உலகம்மை அந்தப் பெண்ணின் தோளைப் பார்த்தாள். இரண்டு தோளும் முன்னால் ஒடுங்கியிருந்தன. கும்பிடுகிறவளின் தோள் அப்படி இருக்காது. மறைக்கிறவளின் தோள்தான் அப்படி இருக்கும்.

"தம்பி, இது மரியாதைக்கு எடுத்தது இல்ல. எடுக்கல்லேன்னா அடி."

இரணியல் பக்கம் இதை யாரும் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்வதில்லை. திருவிதாங்கூரில் இன்னின்ன சாதிப் பெண்கள் தோளில் துணி போடக்கூடாது, மேல்சாதி ஆட்கள் எதிரே வந்தால் மார்பைத் திறந்து நிற்க வேண்டும் என்று இருந்ததும், போட்டவர்களின் தோள்சீலையைச் சந்தையில் வைத்துக் கிழித்ததும், வீடுகள் எரிந்ததும், போன மாதம் பக்கத்துத் தெருவில் நடந்ததுபோல அங்கே பேசப்படும். தெரிந்தவரைக்கும் சொன்னாள்.

சுதீஷ் கேட்டார். கோபப்படவில்லை. "இருநூறு வருஷம் ஆச்சே அக்கா. யாருக்கு ஓர்மை இருக்கு? டீம்ல ஹரியானாப் பிள்ளை உண்டு, மராட்டிப் பிள்ளை உண்டு. அதுகளுக்கு இது வெறும் துணி. அடியில முழுச்சட்டை கிடக்கு. யாருக்கு என்ன குறைஞ்சு போச்சு?"

கேள்வி தப்பில்லை. உலகம்மை திருப்பி வேறொன்று கேட்டாள்.

"உங்க அம்மைக்க ஊரு எது?"

"வில்லுக்குறி."

"எங்க ஊருக்குப் பக்கத்துலதான். அம்மைகிட்ட ஒருக்கா கேட்டுப் பாருங்க."

அவர் சிரித்தார். "நீது நல்லா எறியுதுக்கா. ஆனா பன்னெண்டாவது பேரு எப்பவும் பென்சில்ல எழுதினதுதான் கேட்டீங்களா." நல்லது நினைத்துச் சொன்னாரோ என்னவோ, படியிறங்கிப் போனார்.

திரவியம் அதுவரை பில் புத்தகத்துக்குள் முகத்தை வைத்திருந்தார். நாஞ்சில் நாட்டுக்காரர். "தச்சுக் குடுத்திரு உலகம்மை. நான் என்னத்தச் சொல்ல? அன்னைக்கு எங்க ஆளுவ குடைக்கு அடியில நின்னவங்க. எனக்கு இதுல வாயத் திறக்க யோக்கியதை இல்ல."

வீட்டில் நீது தட்டிலிருந்து தலை நிமிரவில்லை. "தெரியும்மா, ரிகர்சல்ல சொல்லித் தந்தாங்க. ரெண்டு செகண்ட் காரியம். இழுப்பேன், குனிவேன், எவளுக்காவது கால் சுளுக்கினா உள்ள போவேன். நீ சண்டைக்குப் போவாத."

"போவல்ல."

"சத்தியமா?"

"வாயத் திறக்க மாட்டேன், போதுமா."

மறுநாள் பன்னிரண்டு சட்டைகளுக்கும் சொன்னபடியே வெல்க்ரோ வைத்தாள். சுதீஷுக்கான பதில் அப்போதுதான் வந்தது. வெறும் துணி என்றால், ஒரு ஆள் முன்னால் வந்து நின்றதும் அதை ஏன் எடுக்க வேண்டும்? கிடந்த இடத்தில் கிடக்கட்டுமே. பிறகு கசவுக் கரைக்கு அடியில், அதே பொன்னிற நூலில், வெல்க்ரோவுக்கு மேல் ஒரு மறைதையல் போட்டாள். அந்த வழியாகப் போன திரவியம் ஒரு சட்டையை எடுத்துத் தோளை மெல்ல இழுத்துப் பார்த்தார். வரவில்லை. அப்படியே மடித்துப் பெட்டியில் வைத்தார். மாதிரிச் சட்டையை மட்டும் சரியாகத் திறக்கிறபடி விட்டிருந்தாள். சுதீஷ் அதை இழுத்துப் பார்த்துத் திருப்தியானார். பெட்டி போய்ச் சேர்ந்தது விழா அன்று காலையில்.

உலகம்மை கேலரியில் இருந்தாள். பெண்கள் உயர வரிசையில் நின்றார்கள். குட்டையானவள் என்பதால் நீதுதான் முதல். சிறப்பு விருந்தினர் அவள் முன்னால் போய் நின்றதும் போட்டோக்காரர்களின் முதுகுகள் மறைத்துக்கொண்டன. அடுத்தவள் இழுத்தாள், வரவில்லை. அதற்கடுத்தவள் இரண்டு கையாலும் இழுத்தாள். ஐந்தாவது பெண்ணோடு எல்லோரும் அதை விட்டுவிட்டார்கள். துணி தோளில் கிடக்க, நிமிர்ந்து நின்று கை கொடுத்தார்கள்.

புகார் வந்தது. "மெஷின் தப்பு" என்றார் திரவியம்.

மூன்று ஆட்டத்திலும் நீது வெளியேதான் உட்கார்ந்திருந்தாள். ஒருத்திக்குக் கால் சுளுக்கியும் உள்ளே கூப்பிடவில்லை. மகளின் இடத்தைத் தன் கையாலேயே தைத்து மூடிவிட்டதாக உலகம்மை நினைத்தாள்.

போட்டி முடிந்து நீது ஒரு பையோடு வந்தாள். "டீம்ல நாலு பேருக்குச் சட்டைத் தோள் விட்டுப்போச்சாம். நீ தச்சுத் தருவேன்னு வாங்கிட்டு வந்தேன்."

உலகம்மை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தாள். இழுத்த தையல் பொய் சொல்லாது. ஊசித்துளைகள் வாய் பிளந்திருந்தன, நூல் அறுந்திருந்தது. கடைசியாக நீதுவின் சட்டை. தோளைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். ஒரு துளைகூட அகலவில்லை.

"நீ இழுக்கல்லியா மக்கா?"

"இல்ல."

"தச்சிருக்குன்னு தெரியுமா?"

நீது அம்மாவைப் பார்த்தாள். "நீ தச்சியா?" தோள்தையலைத் தடவிப் பார்த்தாள். "அதானா. மெஷின் தப்புன்னுல்லா நெனச்சேன்."

"பின்ன ஏன் இழுக்கல்ல?"

"கையத் தூக்கினேன்மா. அந்த ஆளு காத்துக்கிட்டு நின்னாரு. நான் எடுக்கிறதுக்குக் காத்துக்கிட்டு. அந்த நிப்பு எனக்குப் புடிக்கல்ல. கைய நீட்டிட்டேன். சுதீஷண்ணன் பெறவு எல்லாருகிட்டயும் கேட்டாரு. அவளுக வரல்லேன்னாளுக. நான் இழுக்கல்லேன்னேன்."

"வரல்லேன்னு நீயும் சொல்லியிருக்கலாம்லா."

"உன் தையலுக்கில்லா கெட்ட பேரு."

உலகம்மை மகளின் சட்டையை மடித்தாள். சரியாக வராமல் திரும்பவும் மடித்தாள்.

"அடுத்த முகாமுக்குக் கூப்பிடுவாங்களா?"

"பென்சில்லதான எழுதியிருக்கு. பாக்கலாம்." நீது ஊசியில் நூலைக் கோத்துக் கொடுத்தாள். "சுதீஷண்ணனுக்கு ட்ராக் பேண்ட் உங்க கடையிலதான தைக்குது? பாக்கெட் உண்டா?"

"ரெண்டு உண்டு."

"அப்போ?"

உலகம்மை முதல் தோளை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். "திறந்தே கிடக்கட்டும். வாங்க வரும்போ, அவருக்க அம்மைகிட்ட கேட்டாரான்னு மட்டும் கேக்கணும்."