கிளிப் எடுக்காமல் போட்ட சுவிட்ச்

மிக்ஸி முழு வேகத்தில் ஓடினால் நான் எழுந்து பால்கனிக்குப் போய்விடுவேன். வீட்டில் இதை வயதின் கோளாறு என்று எடுத்துக்கொண்டார்கள். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் புனேயில் நாங்கள் ஏழெட்டுப் பேர் ரேடியோவில் ஓட்டும் பந்தயப் படகுகள் கட்டினோம். ஒரு கை நீளம் இருக்கும். மெல்லிய ப்ளைவுட் உடல், முன்னால் இரு பக்கமும் மிதவைகள். வேகம் பிடித்துவிட்டால் மிதவைகளின் நுனியும் ப்ரொப்பெல்லரின் பாதியும்தான் தண்ணீரைத் தொடும். எஞ்சினுக்கு மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் விளக்கெண்ணெயும் கலந்து ஊற்றுவோம். ப்ரொப்பெல்லர் தண்டின் சாய்வு ஒரு தாள் கனம் மாறினாலும் படகு மூக்கைத் தூக்கிக் கவிழ்ந்துவிடும். அந்தத் தாள் கனத்தைத் தேடியே ஞாயிற்றுக்கிழமைகள் போயின.

எங்களில் நன்றாகக் கட்டியவர் வானவடியில் குடியிருந்த அண்ணாச்சி. திருநெல்வேலிக்காரர். நான் ரஞ்சன்காவ் ஆலை ஒன்றில் தரச்சோதனை பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் இருவர் ரேடியோவுக்கும் ஒரே அலைவரிசை எண். ஒருவர் படகு ஓடும்போது மற்றவர் ரேடியோவைப் போட்டால், யார் சொல்வதைக் கேட்பது என்று படகுக்குத் தெரியாது. அதனால் நாங்கள் படகு விடும் ஏரியின் கரையில் ஒரு பலகை வைத்து, எண் எழுதிய துணிக்கிளிப்புகளை அதில் மாட்டியிருந்தோம். ஒரு எண்ணுக்கு ஒரே கிளிப். அதை எடுத்துத் தன் ஏரியலில் மாட்டிக்கொண்ட பிறகுதான் சுவிட்சைத் தொடலாம். அந்த விதியைக் கொண்டுவந்தவன் நான்.

ஒரு ஞாயிறு காலை அண்ணாச்சி தன் புதுப் படகை ஏரியின் எதிர்ப்பக்கமாக மெதுவாக ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நின்றுபோகும் படகுகளை எடுத்து வரும் உள்ளூர் மீனவர் லாரி ட்யூபில் உட்கார்ந்து கரையோரம் மிதந்துகொண்டிருந்தார். அடுத்த முறை என்னுடையது. காருக்குள் இருந்த என் படகில் எஞ்சின் வேகத்தைக் கூட்டும் கம்பி சரியாக நகர்கிறதா என்று சந்தேகம். ஏரியலை ஜன்னல் வழியே நீட்டி, சுவிட்சைப் போட்டு, வேகக் குச்சியை முழுக்கத் தள்ளினேன். பத்து நொடி இருக்கும். கம்பி அழகாக நகர்ந்தது. ஏரியில் எஞ்சின் சத்தம் கீச்சென்று ஏறியது.

புரிந்தவுடன் அணைத்தேன். ஏரியலை மடக்கினேன். மற்றவர்களோடு ஓடிப்போய் நான் கேட்ட முதல் கேள்வி, “என்ன ஆச்சு?”

படகு நேராக ட்யூபை நோக்கி வந்திருக்கிறது. முகத்தை மறைக்க மீனவர் உயர்த்திய வலது கையில் ப்ரொப்பெல்லர் புகுந்துவிட்டது. தையல் போட்டார்கள், காயமும் ஆறியது. விரல்கள் மட்டும் பிறகு மடங்கவே இல்லை. வலை வீச முடியாமல் அவர் ஏரிச் சாலையில் சோளக்கதிர் சுட்டு விற்க உட்கார்ந்தார்.

அண்ணாச்சி படகின் ரேடியோ பெட்டியைப் பிரித்துச் சாப்பாட்டு மேசையில் பரப்பி வாரக்கணக்கில் தேடினார். “ஒயரைப் பத்தவச்ச இந்த இடத்துல ஈயம் வெடிச்சிருக்கு, பாரும் வே. என் கையால வச்ச ஈயம்.”

பூதக்கண்ணாடியில் பார்த்தேன். வெடிப்பே இல்லை.

“ஆமா அண்ணாச்சி, இதுதான்” என்றேன்.

அதன்பின் அவர் படகு கட்டவில்லை. மாதம் ஒரு ஞாயிறு அந்த மீனவரைப் பார்க்கப் போவார். என் ஸ்கூட்டரில்தான் போவோம். நான்கைந்து வருடம் போனோம். ஒரு மழைக்காலத்தில் கதிரைப் புரட்டிக்கொண்டே மீனவர் மராத்தியில் கேலி செய்தார்: “அன்னைக்கு இந்த சாஹேப் கார்ல சொகுசா உட்கார்ந்து ஜன்னல் வழியா கம்பியை நீட்டிட்டிருந்தாரு. கார்லேருந்தே மீன் பிடிக்கிறாரேன்னு சிரிச்சிட்டிருந்தேன். அதான் படகைப் பார்க்கல.”

அண்ணாச்சி மெல்லுவதை நிறுத்தினார்.

அவர் வீட்டு வாசலில் இறங்கிக் கேட்டார்: “உமக்கு எங்கிட்ட ஏதும் சொல்லணுமா வே?”

“ஒண்ணுமில்லை அண்ணாச்சி. பெட்ரோல் போடணும், வரேன்.”

“சரி. பார்த்துப் போவும்.”

அடுத்த மாதத்திலிருந்து அவர் பஸ்ஸில் தனியாகப் போனார். என்னைப் பார்த்தால் சிரிப்பார், காப்பி கொடுப்பார். அந்தப் பேச்சை மட்டும் இருவரும் எடுக்கவில்லை. மூன்று வருடம் கழித்து மாரடைப்பில் போய்விட்டார்.

காரியம் முடிந்த வாரம் நான் ஏரிச் சாலைக்குப் போனேன். காய்கறிக் கடைக்குப் போதுமான என் மராத்தியில் எல்லாவற்றையும் சொன்னேன். சுவிட்ச், கம்பி, பத்து நொடி. மீனவர் அடுப்பை விசிறுவதை நிறுத்திவிட்டு முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

“இல்லை சாஹேப். ஈயம் விட்டுப்போச்சு, நீங்களும் கண்ணால பார்த்தீங்கன்னு போன மாசம்கூட அவர் சொன்னாரே. செத்தவர் பேரு கெடக்கூடாதுன்னு பழியை உங்க தலையில போட்டுக்கறீங்க.”

எல்லாம் தெரிந்த பிறகும் அண்ணாச்சி அதையே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். நான் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். அலைவரிசை என்பதற்கு எனக்கு மராத்தியில் வார்த்தை தெரியவில்லை. அவர் பக்கத்துக் கடைக்காரியிடம் திரும்பி, “சிநேகிதம்னா இப்படி இருக்கணும், பாரு” என்றார். இடது கையால் ஒரு கதிரை எடுத்து, உப்பும் மிளகாயும் எலுமிச்சையும் தேய்த்து நீட்டினார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

வாங்கிக்கொண்டேன். அந்த இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்க, நின்றபடியே முழுவதும் தின்றேன்.