அரை நிமிடம் கழித்து வந்த குரல்

கல்யாண மண்டபம், கட்சிக் கூட்டம், ஆடி மாதம் கூழ் ஊற்றும் இடம் என்று கள்ளிக்குப்பத்தைச் சுற்றி ஸ்பீக்கர் கட்டியே இருபது வருடம் ஓட்டியவன் நான். சத்தம் போதவில்லையா, இன்னொரு பாக்ஸ் வை. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த வித்தை. பூந்தமல்லிப் பக்கத்துப் பழைய தேவாலயம் ஒன்றில் வேலைக்குக் கூப்பிட்டபோதும் அந்த நினைப்போடுதான் போனேன். அதுவரை ஒரு தேவாலயத்துக்குள் காலடி வைத்ததில்லை.

கரையான்சாவடிக் கடைத்தெருவின் ஹாரன் சத்தத்தைத் தாண்டி உள்ளே நுழைந்ததும் காதை யாரோ பொத்திவிட்ட மாதிரி இருந்தது. வெள்ளைக்காரன் காலத்துச் சுண்ணாம்புச் சுவர். கையை நீட்டினால் ஜன்னல் ஆழத்துக்குள் முழங்கை வரை போகிறது. அண்ணாந்து பார்த்தால் தேக்கு உத்திரங்கள். நான் ஏன் குரலைத் தாழ்த்திப் பேச ஆரம்பித்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஆயர் விஷயத்தைச் சொன்னார். “கடைசி நாலு வரிசைக்குச் சத்தம் வருது தம்பி, வார்த்தை வரல. அதைச் சரி பண்ணணும். வர முடியாதவங்க வீட்டிலிருந்தே பார்க்கிற மாதிரி லைவும் வேணும். ஆனா சுவத்துல ஒரு ஆணி அடிக்கக் கூடாது.”

நடுவில் நின்று ஒரு தடவை கை தட்டினேன். சத்தம் கூரைக்குப் போய், பலிபீடத்தின் பக்கம் இறங்கி, திரும்பி என்னிடம் வந்தது. மனசுக்குள் நாலு எண்ணும்வரை அடங்கவில்லை. அப்போதுதான் புரிந்தது. ஏற்கெனவே அங்கே பத்து பாக்ஸ் மாட்டியிருந்தார்கள். பத்தும் ஒன்றின் மேல் ஒன்று பேசி, ஆயரின் பேச்சைக் கூழாக்கிக்கொண்டிருந்தன.

பத்தையும் இறக்கினேன். ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் பதறிப்போனார்.

“இன்னா நைனா, கேக்கலன்னு கூப்ட்டா, கீறதயும் கயட்டிக்கினு கீற?”

“கொஞ்சம் பொறுண்ணே.”

ஆள் உயரத்துக்கு ஒல்லியாக இரண்டே இரண்டு ஸ்பீக்கர்களைத் தூண்களின் ஓரமாக நிறுத்தினேன். மேலே கூரைக்கு அதிகம் போகாமல், உட்கார்ந்திருப்பவர் காதைப் பார்த்துப் பேசுகிற வகை அது. ஆயர் சாதாரணமாக நாலு வரி படித்தார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கு, அவர் பக்கத்தில் வந்து பேசுவதுபோலக் கேட்டது. இருபது வருடமாகச் சத்தத்தை ஏற்றிக்கொண்டே போனவன், குறைத்து ஜெயித்தது அன்றைக்குத்தான்.

அடுத்த நாள் மதியம் லைவைச் சோதித்தோம். ஒரு கேமரா, ஒரு லேப்டாப், ஆலயத்தின் மொத்தச் சத்தத்தையும் எடுக்க உத்திரத்திலிருந்து தொங்கும் ஒரு மைக். அண்ணன் யாருக்கோ லிங்க் அனுப்பியிருந்தார். பார்ப்பவர் எண்ணிக்கையில் ‘1’ என்று விழுந்தது.

“நெமிலிச்சேரி அம்மா,” என்றார். “முப்பது வருசம் இங்க பாடுனவங்க. இடுப்பு எலும்பு ஒட்ஞ்சி ஆறு வருசமா கட்டில்லதான் கீறாங்க.”

சொல்லி முடிப்பதற்குள் அவருடைய போன் அடித்தது. அந்த அம்மாவேதான். “இடது பக்கம் மூணாவது ஃபேன் கிரீச் கிரீச்னு கத்துதுப்பா. முதல்ல அதை நிறுத்து.”

நான் அந்த ஃபேனின் அடியிலேயே நின்றுகொண்டிருந்தேன். எனக்குக் கேட்கவில்லை! நிறுத்திய பிறகுதான் ஒரு சத்தம் குறைந்தது தெரிந்தது.

இப்படிப்பட்ட காது, லைவில் வரும் பாட்டைக் கேட்டு என்ன சொல்லும் என்று பார்க்க, அந்தப் போனை வாங்கி வயரைச் சொருகி, சத்தங்களைச் சேர்த்துக் கலக்கும் மிக்ஸரில் இணைத்தேன். “அம்மா, டிவி சத்தத்தை முழுசா குறைச்சிட்டு ரெண்டு வரி பாடுறீங்களா? பாடினதும் போனை வெச்சிட்டு டிவி சத்தத்தை ஏத்துங்க. இங்க நடக்கிறது அங்க வர அரை நிமிஷம் ஆகும்.”

“நான் பாடி வருசக் கணக்காச்சே தம்பி,” என்றார். பிறகு மூச்சை இழுத்துக்கொள்வது கேட்டது.

முதல் சொல்லில் குரல் உடைந்தது. இரண்டாவதில் நின்றது. மூன்றாவதில் எழுந்தது. தூணோரம் நின்ற ஸ்பீக்கர்களிலிருந்து புறப்பட்டு, சுவர்களைத் தொட்டு, கூரைக்கு ஏறி, காலி பெஞ்சுகளின் மேல் இறங்கியது. கட்டிலில் படுத்திருப்பவரின் குரல் அது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அண்ணன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். போன் துண்டிக்கப்பட்ட பிறகும் அந்தக் கடைசி ஸ்வரம் மேலே சுற்றிக்கொண்டிருந்தது.

அந்த அரை நிமிடத்தில், நெமிலிச்சேரி வீட்டில், அவர் குரல் அவரிடமே திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

வெகுநேரம் கழித்துத்தான் போன் வந்தது. “அது நான்தான்,” என்றார் அந்த அம்மா. கொஞ்சம் நிறுத்தி, “நான் அங்கதான் நிக்கிறேன் தம்பி. மேலே போய்த் திரும்பி வருது பாரு, அதை மட்டும் எடுத்துடாத.”

எடுப்பதாகத்தான் இருந்தேன். லைவில் சத்தம் துல்லியமாக இருக்க வேண்டும் என்று ஆலயக் கமிட்டியில் கேட்டிருந்தார்கள். தொங்கும் மைக்கை அணைத்துவிட்டு ஆயரின் மைக்கை மட்டும் விடுவதாகத் திட்டம். ஆயரிடம் நடந்ததைச் சொன்னேன். சற்று யோசித்தவர், “பிரசங்கத்துக்கு அணைச்சிடுங்க. பாட்டுக்குத் திறந்து விடுங்க,” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மனைவியையும் கூட்டிக்கொண்டு போய் மிக்ஸர் அருகில் உட்கார்ந்தேன். அறுபத்துச் சொச்சம் பேர் வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் பாட்டுக்கு எல்லாரும் எழுந்தபோது, எனக்கு ஒரு வரியும் தெரியாவிட்டாலும், நானும் எழுந்து, உத்திரத்தில் தொங்கும் மைக்கின் சத்தத்தை மெதுவாக ஏற்றினேன்.