மூக்குக்குள் ஊதிய பலூன்

ஆறு வருஷம் மூக்கடைப்போடு தேயிலை ருசி பார்த்தார் சுந்தரேசன். கிடர்பூரில் ஒரு தேயிலைக் கம்பெனியில் அவருக்கு மூக்கும் நாக்கும்தான் உத்தியோகம். ஆவி பிடித்தார், மாத்திரை மாற்றி மாத்திரை விழுங்கினார், பெஹாலாவில் பக்கத்து வீட்டு பௌதி, அதாவது வங்காளி அண்ணி, திணித்த குரங்குக் குல்லாயைப் பங்குனி வெயிலிலும் மாட்டிக்கொண்டார். சைனஸ் அசையவில்லை. போன வருஷம் பூஞ்சை வாடை அடித்த சரக்கை 'நல்லது' என்று அனுப்பிவிட்டார். இன்னொரு தடவை நடந்தால் ருசி மேஜை கிடையாது என்று கம்பெனி சொல்லிவிட்டது.

கடைசியில் ஒரு டாக்டர் கத்தியே வைக்காமல், மூக்கு வழியே மெல்லிய குழாயை விட்டு, நுனியிலிருந்த குட்டிப் பலூனை ஊதி, அடைத்துக் கிடந்த வாசலை அகலமாக்கி, பலூனை எடுத்துவிட்டார். சாயங்காலமே வீடு.

தவளை தன் வாயால் கெடும். சுந்தரேசன் கெட்டது மனைவி காமுவின் வாயால். கம்பெனிக் கிடங்கில் வேலை பார்ப்பவரின் மனைவி ராஜத்திடம் போனில், "அவருக்குப் பலூன் வெச்சா. பகவான் புண்ணியம், ஆத்துக்கு வந்துட்டார்" என்றாள். பலூன் என்றால் ஊருக்கெல்லாம் நெஞ்சுதான்.

பத்தாம் நாள் வேலைக்குப் போனால், மேலாளர் மேக்னா சென் கீழ்த்தளத்திலேயே நாற்காலி போட்டு வைத்திருந்தாள். ருசி அறை மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது.

"சுந்தரேசன் தாதா, இனிமே நீங்க படி ஏறக் கூடாது." அவள் பாஷையில் தாதா என்றால் அண்ணன்.

"மூக்குக்குத்தான் பலூன், மேடம்."

"எங்க மாமாவும் வெறும் வாயுத்தொல்லைன்னுதான் சொன்னார்."

டாக்டர் சீட்டை நீட்டினார். அதிலும் 'பலூன்' என்றிருந்ததைப் பார்த்து அவள் முகம் இன்னும் வாடியது. அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூக்கு செத்துக் கிடந்த ஆறு வருஷமும் மேலே உட்கார வைத்தார்கள், உயிர் வந்ததும் கீழே தள்ளுகிறார்களே.

சமாதானத்துக்குச் சர்க்கரை இல்லாத டீ வந்தது. உதட்டருகே கொண்டுபோனவர் கீழே வைத்தார்.

"இது எந்தச் சரக்கு?"

"நேத்து தேறின டார்ஜீலிங்."

"அந்துருண்டை வாடை அடிக்குது. மூட்டைமேல யாரோ கம்பளி போட்டிருக்காங்க."

மேக்னா முகர்ந்தாள், ஒன்றும் தெரியவில்லை. கிடங்குக்குப் போன் போட்டாள். குளிர் முடிந்ததென்று காவலாளி தன் ரஜாய்ப் போர்வையை அந்துருண்டையோடு மடித்து அந்த மூட்டைகள்மேல்தான் வைத்திருந்தான்.

போனை வைத்தவள் எழுந்து நின்றாள். "வாங்க, மேலே போகலாம்."

சுந்தரேசனுக்குக் கண் கலங்கிவிட்டது. முதல் படியில் கால் வைத்தார். மேக்னா அவர் முழங்கையைத் தாங்கிப் பிடித்தாள்.

"மெல்ல, தாதா. மூக்கு கிடக்கட்டும், நெஞ்சு முக்கியம்."

அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சு நோயாளி போலவே நின்று நின்று ஏறினார்.