சரிங்கப்பாவுக்கு முன்னால் ஒரு மௌனம்

பெரியப்பாவின் குரல்தான் முதலில் வரும். "ஏஞ்சாமி, உனக்குச் சம்மதந்தானே?" பிறகு எதுவும் இல்லை, சுவர்க்கடிகாரத்தின் ஓசை மட்டும். அதன்பின் அக்காவின் குரல்: "சரிங்கப்பா." என் கைபேசியில் பதிவான அந்தப் பேச்சை எத்தனை முறை கேட்டிருப்பேனோ தெரியாது.

அப்போது நான் சேலத்தில் கருத்தாடல் ஆய்வில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தேன். குடும்பங்கள் ஒரு முடிவுக்கு வரும்போது யார் பேச்சைத் தொடங்குகிறார்கள், யார் குறுக்கிடுகிறார்கள், எந்த இடத்தில் பேச்சு எத்தனை நொடி நின்றுபோகிறது என்று வரிவரியாக எழுதிப் பார்ப்பதுதான் என் வேலை. சேந்தமங்கலத்தில் பெரியப்பா மகளான அக்காவுக்குக் கல்யாணப் பேச்சு நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் புதுச்சத்திரம். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வைத்திருந்தவர்கள். எல்லோரிடமும் கேட்டுவிட்டுத்தான் பதிவு செய்தேன்.

பதிவைக் கேட்ட என் நெறியாளர் அந்த மௌனத்தில் நின்றுவிட்டார். சம்மதம் உடனே வரும், மறுப்புதான் தயங்கி வரும் என்பது எங்கள் துறையில் முதலில் படிக்கும் பாடம். "இந்தப் பொண்ணு சரின்னு சொல்லலைம்மா" என்றார் அவர். எனக்குக் குழப்பமாக இருந்தது. வெட்கமும் தயங்கித்தானே பேசும்? நாலு பேர் முன்னால் சட்டென்று சரி சொல்லும் பெண்ணை எங்கள் ஊரில் சும்மா விடுவார்களா?

பதிவைக் கேட்க வேண்டும் என்று அக்காவே ஒருநாள் சொன்னாள். மாடிப்படியில் உட்கார்ந்து போட்டுக் காட்டினேன். நெறியாளர் சொன்னதைச் சொல்லவில்லை. மறுபடி போடச் சொன்னாள். யாரோ அயல்வீட்டுப் பெண்ணைப் பற்றிப் பேசுவதுபோல, "இவளுக்கு இஷ்டமில்ல புள்ள. கொரல்லயே தெரியுதே" என்றாள். எழுந்து நேரே பெரியப்பாவிடம் போனாள்.

"எனக்கு வேண்டாங்கப்பா."

"அன்னைக்குச் சரின்னியே சாமி?"

"சொன்னனுங்க. இப்ப வேண்டாங்க."

இந்த முறை பதிலில் தயக்கமே இல்லை. பெரியம்மா அழுதார். பெரியப்பா சட்டையை மாட்டிக்கொண்டு தாமே புதுச்சத்திரம் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். என்மேல் அவருக்குக் கோபமா, நன்றியா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

அக்கா நாமக்கல்லில் வேலைக்குப் போனாள். அங்கே பழகிய ஒருவரையே மணந்துகொண்டாள். இப்போது நான் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். அந்தப் பதிவை மாணவர்களுக்குப் போட்டுக்காட்டலாமா என்று கேட்கப் போன மாதம் அவள் வீட்டுக்குப் போனேன். அன்று நெறியாளர் சொன்னதை முதன்முறையாக அவளிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அன்னைக்கு அடுப்புல பால் பொங்கற மாதிரி இருந்துச்சு புள்ள. அதைத்தான் எட்டிப் பாத்துட்டு இருந்தேன். அப்பா கேட்டதே சரியாக் காதுல உழுகல."

"அப்புறம் ஏன்க்கா வேண்டாம்னே?"

"நீ போட்டுக் காட்டுனப்ப அப்படித்தான் பட்டுச்சு."

"அப்போ, அன்னைக்கு உனக்குச் சம்மதமா இருந்துச்சா?"

அவள் சிரிப்பு நின்றது. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பழக்கதோஷத்தில் நொடிகளை எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

"தெரியலையே புள்ள" என்றாள். "உனக்கு எப்படிக் கேட்டுச்சு?"