கார்டு போட்டால் வெரசா வருவானா?

விளக்கு வைக்கிற நேரத்தில் அந்த வீட்டுக்குப் போகக் கூடாது என்று எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். கம்ப்யூட்டரைப் பார்க்கக் கூப்பிட்டபோதே, "லீவு நாளாப் பாத்து காலையில வாம்மா" என்று அந்த வீட்டு மாமா சொல்லியும் இருந்தார். ஆனால் ஒரு வேலையைத் தள்ளிப் போட்டால் எனக்குத் தூக்கம் வராது. பாளையங்கோட்டையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் கடைசி. வகுப்பு முடிந்து டவுன் பஸ்ஸில் நசுங்கி இறங்கியவள், பையில்தான் திருப்புளி இருக்கிறதே என்று நேராக அங்கே போய்விட்டேன்.

எங்கள் பக்கத்தில் விளக்கேற்றும்போது பின்கதவைச் சாத்தி வாசல் கதவைத் திறந்து வைப்பார்கள், லட்சுமி வருவாள் என்று. அந்த வீட்டிலும் வாசல் திறந்துதான் இருந்தது. நான் படியேறியதும் உள்ளே உட்கார்ந்திருந்த அத்தை சடாரென்று எழுந்தாள். அவ்வளவு சந்தோஷத்தை ஒரு முகத்தில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வெளிச்சத்துக்கு வந்து, நான்தான் என்று தெரிந்ததும் அது அப்படியே வடிந்துபோனது.

"நீயா" என்றாள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. கூப்பிட்டு அனுப்பியதே இவர்கள், பிறகு வேறு யார் வருவார்களாம்?

அத்தை, மாமா என்பதெல்லாம் தெருப் பழக்கத்தில் வந்த முறை. மாமா கோர்ட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர்களுக்கு ஒரே மகன், என்னைவிடச் சின்னவன். பெங்களூரில் வேலை கிடைத்ததும் முதல் காரியமாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக்கொண்டு வந்து வீட்டில் வைத்தான். பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்தது இல்லை, எல்லாம் சேர்த்து மூடி வருகிற கம்பெனிப் பெட்டி. லீவு முடிந்து பஸ் ஏறினான். பெங்களூருக்குப் போய்ச் சேரவில்லை. போலீசில் சொன்னார்கள், பேப்பரில் படம் போட்டார்கள், திருச்செந்தூருக்கு நேர்ந்துகொண்டார்கள். ஒரு தகவலும் இல்லை.

கிளம்பிய அன்று அவன் அம்மாவைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டியிருக்கிறான். யாரும் தொடாமல் கொஞ்ச நேரம் விட்டால் அதில் ஒரு படம் தானாக ஓடும். செங்கல் சுவர், சந்து, திருப்பம், மறுபடி சந்து. நடக்கிற ஆள் தெரியமாட்டான். அவன் கண்ணில் படுவது மட்டும் நமக்குத் தெரியும். அந்தக் காலத்தில் பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் இருந்த ஸ்கிரீன் சேவர்தான். "யம்மா, உள்ள நடக்கது நான்தான்" என்று விளையாட்டுக்குச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். பாவி, வேறு ஏதாவது சொல்லியிருக்கக் கூடாதா?

அன்றிலிருந்து அத்தை சாயங்காலம் சாமி விளக்கை ஏற்றிய கையோடு கம்ப்யூட்டரையும் போடுவாள். திரையும் வாசலும் ஒரே பார்வையில் படுகிற மாதிரி மேசையை நகர்த்தி வைத்திருந்தாள். திரையில் ஒரு திருப்பம் வந்தால் வாசலைப் பார்ப்பாள். நான் படியேறியது அப்படி ஒரு திருப்பத்தில்.

"மெட்ராஸ்ல இருந்து வந்தவுக சொன்னாக. கிராஃபிக்ஸ் கார்டுன்னு ஒண்ணு இருக்காமே. அதைப் போட்டா வெரசா நடப்பானாமே?"

"படம் வெரசா ஓடும் அத்தை. நடக்கதுக்கு உள்ள ஆளு யாரும் இல்ல" என்றேன். என் வாய் எப்போதும் அப்படித்தான்.

அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. "பாரு, நின்னு நின்னு வாரான். கால் வலிக்காதா அவனுக்கு?"

படம் நிஜமாகவே திணறியது. ஓரடி நகரும், நிற்கும், யோசிக்கும், மறுபடி ஓரடி. எங்கே திணறுகிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா மவுஸ்மேல் கையை வைத்தபடி நாற்காலியில் இருந்தார். திடீரென்று அவர் கை அசைந்தது, படம் மறைந்துவிட்டது.

"கையை எடுங்க மாமா."

மறுபடி படம் வரக் காத்திருந்தோம். வந்தது. கொஞ்ச தூரம் நடந்தது. மறுபடியும் அசைத்துவிட்டார்.

"கை நடுங்குதும்மா" என்றார். கை நடுங்கவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

பெட்டியைத் திறக்க வேண்டும், ஆஃப் பண்ண வேண்டும் என்றேன். "அமத்தவா போற?" என்று கேட்டாள் அத்தை, விளக்கைச் சொல்வது போலவே. கொஞ்சம் யோசித்தாள். பிறகு சாமி அறையிலிருந்து விளக்கைத் தூக்கி வந்து மேசைமேல் வைத்தாள்.

"அவன் இருட்டுல நிக்க வேண்டாம்" என்றாள்.

டியூப் லைட் கரண்டு பத்தாமல் மினுக்கிக்கொண்டிருந்தது. பெட்டியின் உள்ளே இருந்ததை நான் அந்தச் சுடரில்தான் பார்த்தேன். கார்டைச் செருக மதர்போர்டில் ஒரு நீளப் பள்ளம் வேண்டும். அதற்கான இடத்தைக் கோடு கிழித்து, வரிசையாகப் புள்ளி வைத்து, மேலே பெயரும் அச்சடித்திருந்தார்கள். பள்ளத்தை மட்டும் வைக்கவில்லை. விலை குறைந்த பெட்டிகளில் இப்படி மிச்சம் பிடிப்பது வழக்கம், எத்தனையோ பார்த்திருக்கிறேன். அன்றைக்கு மட்டும், பெயர் எழுதி ஆள் வராத அந்த இடத்தை விரலால் ஒரு தடவை தடவினேன். பவர் சப்ளையும் சின்னது. பழைய வகைப் பள்ளம் ஒன்றே ஒன்று இருந்தது, அதில் இன்டர்நெட்டுக்காக மகன் செருகிய மோடம் உட்கார்ந்திருந்தது.

"இதை எடுத்துட்டா..." என்று ஆரம்பித்தேன்.

"அவன் வச்சதை எடுக்காத."

"அப்போ இந்தப் பெட்டிக்குக் கார்டு சேராது அத்தை."

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "சரி, பையவே வரட்டும். நாம எங்க போகப் போறோம்" என்றாள். பக்கத்தில் மாமா விட்ட பெருமூச்சு எனக்கு நன்றாகக் கேட்டது.

பெட்டியை மூடி, கம்ப்யூட்டரைப் போட்டு, அத்தை கொடுத்த காப்பியைக் குடித்து, படம் மறுபடி நடக்க ஆரம்பித்த பிறகுதான் கிளம்பினேன். மாமா வாசல்படி வரை வந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "மவுஸை ஏன் மாமா வேணும்னே ஆட்டுதீங்க?" என்று கேட்டே விட்டேன்.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒரு நாள் அவ அடுப்படியில இருந்தா. நான் கடைசி வரைக்கும் பாத்துட்டேன். முடிவுல மஞ்சளா ஒரு மூஞ்சி நின்னு சிரிக்கு. அதுகிட்டப் போனதும் சுவரெல்லாம் தரைக்குள்ள இறங்கிருதும்மா. பொறவு வேற சுவர் எழும்பி, மறுபடியும் மொதல்ல இருந்து நடக்கான். வந்து சேரவே மாட்டான். அதை அவ பாக்கக் கூடாது. பாத்தா தாங்க மாட்டா."

கார்டு போட்டால் அந்த முடிவு வெரசாக வந்துவிடுமே என்றுதான் மனுஷன் இத்தனை நாள் பயந்திருக்கிறார். காலையில் படம் ஓடாது, அப்போது வா என்று சொன்னதும் அதனால்தான். அவர்மேல் எரிந்து விழுந்ததை நினைத்து எனக்குக் கஷ்டமாகிவிட்டது. ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அப்போது அவர் முகம் மாறியது. மவுஸ் பக்கத்தில் இப்போது யாரும் இல்லை.

இரண்டு பேரும் திரும்பினோம். அத்தை எழுந்து நின்றுகொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் திரையில் சுவர்கள் இறங்கிக்கொண்டிருந்தன. அவள் அதைப் பார்க்கவில்லை. எங்களையும் பார்க்கவில்லை. எனக்கும் மாமாவுக்கும் நடுவில், ஓர் ஆள் உயரத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வந்தபோது பார்த்த அதே முகம். இந்தத் தடவை அது வடியவில்லை.

"வந்துட்டியாலே" என்றாள். பிறகு எங்களிடம், "வாசலை அடைச்சுக்கிட்டு நிக்கீகளே, வழி விடுங்க."

பேய் பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் அவர்களை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுகிறவள் நான். விலகி நின்றேன். மாமா அந்தப் பக்கம் விலகினார். ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேற எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் அத்தை காத்திருந்தாள். காற்றுகூட வீசவில்லை, மேசைமேல் விளக்குச் சுடர் அசையாமல் நின்றது. எனக்கு அழுகையும் பயமும் சேர்ந்து வந்தன.

"நீங்களும் வாங்க, சோறு வைக்கேன்" என்றாள் மாமாவிடம்.

மாமா என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு உள்ளே போனார். உடனே போகவில்லை. முன்னால் ஒருவர் போகட்டும் என்று இடம் விட்டுக் கொஞ்சம் நின்றார், அப்புறம் போனார். அத்தை கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

மறுநாளிலிருந்து அந்த வீட்டில் கம்ப்யூட்டர் ஓடவில்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் தெரு முழுக்க வாசல் திறந்திருக்கும், அந்த ஒரு கதவு மட்டும் சாத்தியிருக்கும். பஸ் இறங்கி அதைத் தாண்டித்தான் நான் வீட்டுக்குப் போக வேண்டும். உள்ளே அத்தை பேசுவது கேட்கும், சில நாள் சிரிப்பதும் கேட்கும். எத்தனை பேர் குரல் என்று நின்று கேட்க எனக்குத் துணிச்சல் வந்ததே இல்லை.