எதிர் வீட்டு மாட்டின் அசை

கரும்பு வெட்டிய கொல்லையில் காலைத் தூக்கி வைத்து நடக்கக் கூடாது. தேய்த்துத் தேய்த்து நடக்க வேண்டும். இல்லையென்றால் மண்ணில் நிற்கும் கட்டை பாதத்தில் ஏறிவிடும். என் மனைவிக்கு எத்தனை முறை சொல்லியும் கேட்டதில்லை. கரும்புத் தோகை அள்ளப் போய்க் குத்திக்கொண்டு வந்தாள். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு, சிவப்பும் மஞ்சளுமான கேப்சூல் கொடுத்தார்கள். வலி நின்றதும் விழுங்குவதை நிறுத்திவிட்டாள். மீதிக் கேப்சூல், மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பின்னால் கிடந்தது.

கொஞ்ச நாளில் அதே கொல்லையில் எங்கள் பசுவுக்கும் குளம்பு நடுவில் கட்டை குத்தியது. எங்களுக்கு இருப்பது அந்த ஒரு மாடுதான். கால் வீங்கி, ஊன்ற முடியாமல் நின்றது. நெட்டப்பாக்கத்து மாட்டு டாக்டரம்மாவுக்குப் போன் செய்தோம். நாளைக்கு வருகிறேன் என்றார். நாளை வரை இவளுக்குப் பொறுக்கவில்லை. எனக்குத் தெரியாமல் வாழைப்பழத்தில் கேப்சூலைச் செருகி ஊட்டிவிட்டாள். மாட்டு உடம்பு பெரிய உடம்பு என்று இருந்த எல்லாவற்றையும்.

மறுநாள் வீக்கம் அப்படியே இருந்தது. சாணி தண்ணீராகப் போனது. மாடு படுத்திருந்தது, ஆனால் தாடை ஆடவில்லை. அசை போடாத மாட்டைப் பார்க்க ஏதோ கல்லைப் பார்ப்பது போல் இருக்கும்.

டாக்டரம்மா வந்து இடது விலாவில் குழாயை வைத்துக் கேட்டார்.

"வயிறு வேலையே செய்யல. வாயில இன்னா குடுத்தீங்க?"

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் உள்ளே மிளகாய்த்தூள் டப்பா இருந்த பக்கம் பார்த்தாள்.

"ஒரே கொல்ல, ஒரே கட்ட, ஒரே புண்ணு. என் காலு ஆறுச்சி, அது காலு ஆறாதா டாக்டரம்மா?"

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்து, பாதியில் நின்றது. மாட்டின் பக்கத்திலேயே உட்கார்ந்து சொன்னார்.

"கிருமின்றது ஒரு வூடு மாதிரிம்மா. நீ குடுத்த மருந்து அது செவுரு கட்ட வுடாது. செவுரு இல்லாத வூடு இடிஞ்சி பூடும். இன்னொரு ஜாதி மருந்து இருக்குது, அது வூட்ட இடிக்காது, உள்ள அடுப்ப அணைச்சிடும். கிருமி பட்டினியா சுருண்டு கெடக்கும், மீதிய மாட்டு ரத்தம் பாத்துக்கும். ஆனா எந்த மருந்துக்கும் நல்லவன் வூடு, கெட்டவன் வூடு தெரியாது. மாட்டு வயித்துல ஒரு ஊரே குடியிருக்குது. வைக்கோல கரைக்கறது அதுங்கதான். நீ அந்த ஊரையே இடிச்சிட்ட."

"அப்ப செத்துடுமா?" இவள் குரல் இறங்கிவிட்டது.

"அசை திரும்பலன்னா கஷ்டம்தான்."

காலுக்கு ஊசி போட்டார். இதுவும் செவுரை இடிக்கிற ஜாதிதான், ஆனால் ரத்தத்தின் வழியாகக் காலுக்குப் போகும், வயிற்றை அவ்வளவு தொடாது என்றார். தான் சொல்லும் வரை பால் யாருக்கும் ஊற்றக் கூடாது. பிறகு வயிற்றுக்கு வைத்தியம் சொன்னார். இதே தீனி தின்னும் நல்ல மாடு ஒன்று வேண்டும். அது அசை போடும்போது வாயில் இருப்பதை எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, உடனே இதற்குப் புகட்ட வேண்டும். அதோடு அந்த மாட்டு வயிற்று நல்ல கிருமி இங்கே குடியேறும்.

எங்கள் தெருவில் அப்படி மாடு இருப்பது எதிர் வீட்டில்தான். எதிர் வீடு என் பங்காளி வீடு. வரப்பு வெட்டியதில் சண்டை வந்து, அவனும் நானும் பேசி வருஷக்கணக்கு ஆகிறது. அவன் வீட்டுச் சாவுக்குக்கூடத் தெருவில் நின்றுதான் தலையைக் காட்டிவிட்டு வந்தேன். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே இவள் புண் ஆறியும் விடாத நொண்டலோடு தெருவைத் தாண்டிவிட்டாள்.

பங்காளி பெண்டாட்டி வாசலில் முறத்தோடு நின்றாள்.

"இத்தினி வருசமா பேசாத வாயி, இப்ப எங்க மாட்டு வாயில இருக்கறத கேக்க வந்துச்சா?"

"ஆமாங்கா. திட்டறத அப்பறமா ஒக்காந்து திட்டுக்கா. மொதல்ல அசைய குடு."

"வெக்கம் இல்லாதவடி நீ," என்று சொல்லிக்கொண்டே அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

அவர்கள் மாடு வேற்று ஆளை உதைக்கும். அதனால் பங்காளியேதான் வரவேண்டியிருந்தது. கழுத்தில் அசை உருண்டை மேலே ஏறும் வரை காத்திருந்து, நாக்கைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடித்து, வாய்க்குள் கையை விட்டான். பச்சையாக, ஆவி பறக்க எடுத்தான். நான் குண்டானை நீட்டினேன். அவன் என் முகத்தைப் பார்க்காமல் அதில் போட்டான். நானும் அவன் கையை மட்டும் பார்த்தேன். நாள் முழுக்க இதுவே வேலையாக இருந்தோம். வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்துக் கரைத்து, மூங்கில் குழாயால் எங்கள் மாட்டுக்குப் புகட்டினோம்.

அடுத்த நாளும் அப்படியே செய்தோம். சாயங்காலம் நான் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். மாட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த இவள் அசையாமல் கையை மட்டும் காட்டினாள். தாடை மெதுவாக ஒரு பக்கம் போய், திரும்பி வந்தது. மறுபடியும் போனது.

எதிர் வீட்டு வேலிக்குப் பின்னால் பங்காளி வைக்கோல் பிடுங்கிக்கொண்டிருந்தான். யாரையும் பார்க்காமல், வைக்கோலிடம் கேட்பது போலக் கேட்டான்.

"மெல்லுதா?"

"மெல்லுது," என்றேன்.